வாம்பயர் சபையில் யார் பேச்சு எடுபடும்?

வாடகைக்கு எடுத்த மண்டபம் ஒன்றில் முப்பது, நாற்பது பேர் கறுப்பு உடையில் நிற்கிறார்கள். ரத்தம் குடித்துச் சாகாமல் வாழும் வாம்பயர்களாக வேடமேற்று நடிக்கும் ஓர் ஆட்டம் இது. அவர்களில் ஒருவர்தான் நகரை ஆளும் ‘பிரின்ஸ்’. வேடமேற்ற இன்னொருவரைச் சுட்டிக்காட்டி, “இனி இவருக்கு இந்த நகரில் இடமில்லை” என்று குரலை உயர்த்தாமல் சொல்கிறார். அந்த ஆளைச் சுற்றி நின்றவர்கள் இரண்டடி விலகிக்கொள்கிறார்கள். அதுவரை அவரோடு நெருங்கிப் பேசிக்கொண்டிருந்தவர்கூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யாரும் யாரையும் தொடவில்லை. தொடவே கூடாது என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி. ஆனாலும் உத்தரவு நிறைவேறிவிட்டது.

‘வாம்பயர்: தி மாஸ்கரேட்’ 1991இல் அமெரிக்காவின் ஒயிட் உல்ஃப் நிறுவனம் வெளியிட்ட ஆட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடுவதாகத்தான் அது தொடங்கியது. 1993இல் ‘மைண்ட்ஸ் ஐ தியேட்டர்’ என்ற பெயரில் அதை எழுந்து நின்று நடித்தே ஆடுவதற்கான விதிகள் வந்தன. பகடை போய், கல்–காகிதம்–கத்தரி வந்தது. நெஞ்சின் குறுக்கே கைகளை மடித்துக்கொண்டு ஒருவர் நடந்தால், அவர் மாயசக்தியால் மறைந்திருக்கிறார் என்று பொருள். எல்லாருக்கும் அவர் தெரிகிறார். எல்லாரும் தெரியாததுபோல் நடந்துகொள்கிறார்கள்.

பிரின்ஸின் அதிகாரமும் இதே சரக்கால் ஆனது என்பதுதான் எனக்கு இதில் பெரிய வியப்பு. ஆளப்படுபவர்கள் எப்போதும் எண்ணிக்கையில் அதிகம், பலமும் அவர்கள் பக்கமே. ஆள்பவருக்கு மக்களின் எண்ணத்தைத் தவிர வேறு ஆதாரமே கிடையாது என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் 1741இல் எழுதினார். நிஜ அரசில் இந்த உண்மையைப் படையும் போலீசும் கட்டடங்களும் மறைத்துவிடுகின்றன. ஆட்டத்தில் அதை மறைக்க எதுவும் இல்லை.

அப்படியானால் அந்த எண்ணத்தை எது கட்டிக்காக்கிறது? முதலில் சட்டம். ஆட்டத்தின் கற்பனை வரலாற்றில், மூத்த வாம்பயர்கள் தங்கள் வாரிசுகளை கத்தோலிக்கத் திருச்சபையின் மத விசாரணைத் தீக்கு முன்னால் கேடயமாக நிறுத்த, இளையவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள். அந்தக் கலகம் 1493இல் ஓர் ஒப்பந்தத்தில் முடிகிறது. அந்தக் காலத்துக் குழப்பத்திலிருந்து எழுந்ததுதான் ‘கமரில்லா’ என்ற கூட்டமைப்பு. அதற்கு ஆறு மரபுகள் உண்டு. வாம்பயர்கள் இருப்பதே மனிதருக்குத் தெரியக் கூடாது என்பது முதலாவது. புது ஊருக்குப் போனால் அங்கே ஆள்பவரிடம் நேரில் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், அனுமதியின்றிப் புதிய வாம்பயரை உருவாக்கக் கூடாது, அனுமதியின்றி இன்னொரு வாம்பயரைக் கொல்லக் கூடாது என்பவையும் அவற்றில் அடங்கும். ஆக, பிரின்ஸின் கையிருப்பு பொன்னோ படையோ அல்ல, அனுமதி. யார் எங்கே வேட்டையாடலாம், யாருக்கு வாரிசு உண்டு என்பதெல்லாம் அவர் தலையசைப்பில் இருக்கிறது.

ஆனால் எழுதிவைத்த சட்டம் தானாக நடக்காது. ‘ஹார்ப்பி’ என்ற பதவி வருவது இங்கேதான். யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைச் சபையறிய அறிவிப்பவர் அவர். அந்த மதிப்புக்கு ஆட்டத்தில் ‘ஸ்டேட்டஸ்’ என்று பெயர். அதைக் கொடுக்கலாம், பறிக்கலாம். சபையில் எல்லார் முன்னிலையிலும் அறிவிப்பதில்தான் அதன் வலு இருக்கிறது. பிரின்ஸை மீறலாம் என்று பத்துப் பேர் தனித்தனியாக நினைத்தாலும், மற்ற ஒன்பது பேரும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தெரியாதவரை யாரும் அசையமாட்டார்கள். முதலில் அசைபவர் தனியாக மாட்டிக்கொள்வார். பொது அறிவிப்பு அந்தக் கணக்கை மாற்றிவிடுகிறது: எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். அரசியல் அறிவியலில் இதை எல்லாரும் அறிந்த அறிவு (‘காமன் நாலெட்ஜ்’) என்பார்கள். முடிசூட்டு விழாக்களைக் கூட்டம் கூட்டி நடத்துவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஹார்ப்பியிடம் இன்னொரு பொறுப்பும் உண்டு: நன்றிக்கடன்களின் பதிவேடு. மொய் நோட்டு வைத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது உடனே புரியும். ஒரு டொரியடார் குலத்தவர் தெருவில் அவசரப்பட்டு ரத்தம் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை நோஸ்ஃபெராட்டு என்ற வேறொரு குலத்தவர் பார்த்துவிடுகிறார். பிரின்ஸின் சட்டத்தை மீறுபவர்களைப் பிடிக்கும் ஷெரிஃபிடம் அவர் சொல்லவில்லை. பதிலுக்குப் பணம் வாங்குவதும் இல்லை. “எனக்கு ஒரு கடன் பட்டிருக்கிறீர்கள்” என்று மட்டும் சொல்கிறார். இருவரும் ஹார்ப்பியிடம் போய்க் காரணத்தைச் சொல்லாமல் கடனின் அளவை மட்டும் பதிகிறார்கள். அற்பக் கடனில் தொடங்கி உயிர்க்கடன் வரை படிகள் உண்டு. மூன்று மாதம் கழித்து ஒரு வாக்கெடுப்பு வரும்போது அந்தக் கடன் வாக்காக மாறுகிறது.

கொடை என்பது கொடுக்கவும், ஏற்கவும், திருப்பித் தரவும் கட்டாயப்படுத்தும் உறவு என்று பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் விளக்கினார். ஆட்டத்தில் அந்தக் கட்டாயம் விசித்திரமான வடிவங்கள் எடுக்கிறது. பலருக்குக் கடன்பட்டிருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார். அவர் செத்தால் கடன் கொடுத்தவர்களுக்குத்தான் நஷ்டம். பலரிடமிருந்து கடன் வரவேண்டியவர்தான் முதுகைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாயசக்திகள் இதற்கெல்லாம் மேலே இல்லையா? இருக்கின்றன. ஆட்டத்தின் கதைப்படி முதல் வாம்பயரான காயீனிலிருந்து எண்ணும்போது தலைமுறை எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு சக்தி. மூத்த தலைமுறையினரின் மனதை இளையவரால் கட்டுப்படுத்த முடியாது. தன் ரத்தத்தை மூன்று முறை குடிக்கவைத்து ஒருவரை அடிமையாகவே ஆக்கலாம். ஆனால் இப்படிக் கிடைக்கும் கீழ்ப்படிதல் ஓரிருவரோடு நின்றுவிடும், ஊரை ஆள அது போதாது. இவற்றைவிடப் பெரிய விளைவு உண்டாக்குவது சாவின்மைதான். மனித அரசியலில் காத்திருப்பது ஒரு வழி; கிழவர் போனால் இடம் காலியாகும். இங்கே கிழவர் போகவே மாட்டார். பதவி வேண்டுமென்றால் சதி செய்ய வேண்டும், அல்லது வேறு ஊர் பார்க்க வேண்டும். இந்த ஆட்டத்தின் அரசியல் எப்போதும் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு இதுவே காரணம் என்பேன்.

பிரின்ஸுக்கு விதிநூலில் எழுதாத ஓர் எல்லையும் இருக்கிறது. குடிமக்கள் எல்லாரும் விரும்பி வந்தவர்கள். ஆட்டம் சலித்தால் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார்கள். அதிகாரத்தை இறுக்கிப் பிடித்து எல்லாவற்றையும் தானே முடிவுசெய்யும் பிரின்ஸின் மண்டபம் மெல்லக் காலியாகும். நீடிக்கிறவர்கள் வேலையைப் பிரித்துக்கொடுக்கிறார்கள்: புதிதாக வந்தவரிடம் ஒரு விசாரணை, எதிரியிடம் ஒரு வேட்டை நிலம், முணுமுணுப்பவரிடம் ஷெரிஃப் பதவி. ஷெரிஃபானவர் மறுநாளே சதி தொடங்கலாம். அதற்குள் பிரின்ஸ் அவருடைய உதவியாளருக்கு ஒரு சிறு நன்மை செய்து, ஹார்ப்பியிடம் பதிந்துவைத்திருப்பார்.