படகு இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் கடல்நீர் வால்வை மூடுங்கள்

டீசல் இன்ஜின் கிளம்ப மாட்டேன் என்கிறது என்று யார் கூப்பிட்டாலும், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுவரை எத்தனை தடவை செல்ஃப் அடித்தீர்கள்?" பத்துப் பதினைந்து தடவை என்று பதில் வந்தால், சாவியிலிருந்து கையை எடுக்கச் சொல்லிவிடுவேன். என்ன கோளாறு என்பதெல்லாம் அப்புறம்.

படகுக்குள் பொருத்தும் இன்ஜின்கள் பலவற்றில், குளிர்விப்பதற்காக வெளியிலிருந்து இழுக்கும் தண்ணீர் கடைசியில் எக்ஸாஸ்ட் குழாயில்தான் கலக்கிறது. அது சைலன்சரில் வந்து தேங்கும். இன்ஜின் ஓடும்போது புகையின் வேகமே அதை வெளியே தள்ளிவிடும். செல்ஃபில் மட்டும் சுற்றும்போது தண்ணீர் பம்ப் கூடவே சுற்றித் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வெளியே தள்ளப் புகைதான் இல்லை. சைலன்சர் நிரம்பியதும் தண்ணீர் பின்பக்கமாக ஏறி, எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அடுத்த தடவை சாவியைத் திருப்பினால் பிஸ்டன் போய் முட்டி, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையும்.

அப்படி வளைந்த ராடு ஒன்றைக் கழற்றி எடுத்திருக்கிறேன். மேசையில் வைத்தால் வாழைக்காய் மாதிரி ஆடியது. அந்தப் படகில் முதலில் இருந்த கோளாறு என்ன தெரியுமா? இன்ஜினை நிறுத்தும் கேபிளை இழுத்தபடியே விட்டிருந்தார்கள். உள்ளே தள்ளியிருந்தால் போதும். இன்றும் நினைத்தால் மனசு கேட்கவில்லை.

அதனால் இரண்டு மூன்று முயற்சியில் கிளம்பாவிட்டால், வெளித்தண்ணீரை உள்ளே விடும் கடல்நீர் வால்வை மூடிவிடுங்கள். மூடியதை மறக்காமலிருக்க சாவியில் ஒரு துணியைக் கட்டுங்கள். தண்ணீர் பம்ப்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் வறண்டு சுற்றினால் கெடும் என்பதால், அடிப்பதையும் குறைவாகவே அடியுங்கள். ஏற்கெனவே நிறைய அடித்துவிட்டீர்களா? சைலன்சரின் அடியிலுள்ள பிளக்கைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். சுற்றிக்கொண்டிருந்த இன்ஜின் திடீரென்று 'டக்' என்று நின்றுவிட்டால், சிலிண்டரில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதற்குமேல் சாவியைத் தொடாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சரி, இனி கோளாறைத் தேடலாம். இன்ஜின் சுற்றவே இல்லையென்றால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறியிருந்தால் சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும். அதை மட்டும் நம்ப வேண்டாம். செல்ஃப் அடிக்கும்போது 10-க்கும் கீழே விழுந்தால் பேட்டரியில் பலம் இல்லை. பேட்டரியில் குறை தெரியாவிட்டால் டெர்மினலைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் பச்சைப் பொடி பூத்திருக்கும்.

நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் எக்ஸாஸ்டைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஸ்டார்ட் ஆவதற்கு உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் குளோ பிளக்கைச் சோதியுங்கள். குளோ பிளக் உள்ள இன்ஜினில் சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது, உள்ளேயே வெடித்துப் பாகங்களை உடைத்துவிடும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. நிறுத்தும் கேபிள், டேங்க் வால்வு, டீசல் அளவு என்று வரிசையாகப் பாருங்கள்.

அதற்கப்புறம் டீசல் ஃபில்டர். அடியிலுள்ள திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கி, கோடு போட்டாற்போல் தெரியும்.

பலர் ஏமாறுவது காற்றில்தான். டேங்குக்கும் டீசல் பம்ப்புக்கும் நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். வெளியே காய்ந்திருக்கிறது என்பதற்காக அந்த இணைப்பை விட்டுவிடாதீர்கள். அந்தக் காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, ஃபில்டர் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அழுத்துங்கள். முதலில் நுரையாக வரும், அப்புறம் குமிழியாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வழியும்போது, அழுத்திக்கொண்டே திருகை இறுக்குங்கள். பழைய மெக்கானிக்கல் இன்ஜினில் இன்ஜெக்டர் நட்டையும் சற்றுத் தளர்த்தி ஏர் எடுப்பதுண்டு. எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதைத் தொடவே வேண்டாம். அங்கே அழுத்தம் 1,000 பாரையும் தாண்டும். எந்த இன்ஜினாக இருந்தாலும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புள்ளி போல் ஒரு காயம்தான் தெரியும், வலியும் அவ்வளவாக இருக்காது. அப்படியே விட்டால் விரலையே இழக்க நேரும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இன்ஜின் பிடித்த அந்த நொடியே கடல்நீர் வால்வைத் திறந்துவிட்டு, பின்பக்கம் போய் எட்டிப் பாருங்கள். புகையோடு தண்ணீரும் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். அரை நிமிடத்தில் தண்ணீர் வராவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு, இம்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள்.