கால் மாத்திரை கொடுத்தால் பாதி வைத்தியமா?

தருமபுரி மாவட்டத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகளை அடையாறு, வேலூர், பெங்களூர் என்றுதான் பெரும்பாலும் அழைத்துப் போகிறார்கள். ஊசி மருந்துக் கட்டம் முடிந்ததும் வீட்டிலேயே மாத்திரை: தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், கிட்டத்தட்ட இரண்டு வருடம். இடையில் ரத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் வருவார்கள். அப்போது வரும் கேள்வி இது: "பக்கத்துப் பெட் பையனுக்கு முழு மாத்திரை, எங்க பிள்ளைக்குக் கால்தான். காப்பீட்டு அட்டைங்கறதால குறைச்சுட்டாங்களா சார்?"

இல்லை. காரணம் பிள்ளையின் மரபணுவில் இருக்கலாம்.

மெர்காப்டோப்யூரின் உடலுக்குள் போய்த்தான் வீரியமுள்ள பொருளாக மாறுகிறது. அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்பவை டிபிஎம்டி, என்யுடிடி15 என்ற இரண்டு நொதிகள். இவற்றை உருவாக்கும் மரபணுவில் மாற்றம் இருந்தால் வீரியம் உள்ளேயே தேங்கி, வெள்ளை அணுக்கள் சரிந்துவிடும். ஐரோப்பியர்களிடம் முக்கியமாக டிபிஎம்டி மாற்றம்தான். நம்மவர்களிடம் என்யுடிடி15 மாற்றமே அதிகம். மருந்து 1953லேயே வந்துவிட்டது, இந்த இரண்டாவது மரபணுவின் பங்கு தெரிந்ததோ 2014ல். அதுவரை பலர் "மருந்துச் சூடு" என்றே நினைத்துக்கொண்டார்கள்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பிரதிகள். ஒன்றில் மட்டும் மாற்றம் என்றால் அளவை ஓரளவு குறைத்தால் போதும். என்யுடிடி15 இரண்டிலுமே மாறியிருந்தால், உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு வழக்கமான 50 முதல் 75 மில்லிகிராமுக்குப் பதில் 10ல் ஆரம்பிக்கச் சொல்கிறது வழிகாட்டு நெறிமுறை. அந்தப் பிள்ளைக்கு அதுவே முழு வைத்தியம். அக்கா மகள், மாமன் மகன் என்று சொந்தத்தில் கட்டும் நம் பக்கத்தில் இரண்டு பிரதியும் ஒன்றுபோல அமையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. டாக்டர் கேட்டால் உறவுமுறையை மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மாத்திரை தொடங்கும் முன்பே மரபணுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று கேளுங்கள். ரத்தம் ஏற்றிய பிள்ளைக்கு நொதியை அளந்தால் கொடுத்தவரின் அணுவும் சேர்ந்து கணக்கைக் குழப்பும், அதனால் மரபணுவைப் பார்ப்பதே மேல். மரபணுப் பரிசோதனை சரியாக இருந்தாலும் ரத்த அணுக்களை எண்ணும் சிபிசி பரிசோதனையைத் தவறவிடக் கூடாது, மற்ற காரணங்களாலும் அணு குறையும். அப்புறம், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். நடுராத்திரி என்றாலும் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து, வந்ததுமே புற்றுநோய் மாத்திரை சாப்பிடும் பிள்ளை என்று சொல்லிவிடுங்கள்.