24 மில்லி பிஸ்டன்: வீட்டுப் பட்டறையில் முதல் பெட்ரோல் இன்ஜின்

குட்டி இன்ஜின் ஒன்றைச் சொந்தமாகக் கடைந்து செய்ய நினைப்பவர்களுக்கு முதலில் வரும் கவலை தீப்பொறி. அடுத்தது கார்புரேட்டர். எல்லாம் மாட்டி முடித்த பிறகும் இன்ஜின் பிடிக்க மறுத்தால், கோளாறு பெரும்பாலும் இந்த இரண்டிலும் இருப்பதில்லை. அமுக்கிய காற்று எங்கோ ஒழுகிக்கொண்டிருக்கும்.

இன்ஜினைச் சிறிதாக்கலாம், ஒழுக்கைச் சிறிதாக்க முடியாது. 100 சிசி பைக் இன்ஜினின் போர், அதாவது சிலிண்டர் துளையின் விட்டம், சுமார் 50 மில்லிமீட்டர். நாம் செய்யப்போவதற்கு 24 மில்லி போர், 30 மில்லி ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), கொள்ளளவு 13.6 சிசி. இரண்டிலும் பிஸ்டனைச் சுற்றி 0.02 மில்லி இடைவெளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைக்கில் அந்த வளையச் சந்தின் பரப்பு சுமார் 3.1 சதுர மில்லி, நம்முடையதில் 1.5. ஆக ஒரு சிசி காற்றுக்கு எவ்வளவு சந்து என்று பார்த்தால் குட்டி இன்ஜினில் மூன்று மடங்குக்கு மேல். நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 5000 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்ட்ரோக் 6 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். 1000 ஆர்பிஎம்மில் 30 மில்லிசெகண்ட் ஆகும். ஒழுகுவதற்குச் சந்தும் அதிகம், அவகாசமும் அதிகம். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துத் தேர்ந்தவை.

முதல் முயற்சிக்கு ஏற்றது காற்றில் குளிரும், படுக்கைவாட்டான, நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். வார்ப்பு எதுவும் வேண்டாம்; பார், தகடுகளிலிருந்தே வெட்டிக் கடையலாம். உள்வாங்கும் வால்வுக்கு கேம் (வால்வைத் தள்ளித் திறக்கும் முட்டை வடிவச் சக்கரம்) கிடையாது. பிஸ்டன் பின்வாங்கும்போது எழும் உறிஞ்சலே அதைத் திறக்கும். 1895 வாக்கில் வந்த பிரான்ஸின் தே தியோன்-புத்தோன் இன்ஜின் இந்த முறையில்தான் 1500 ஆர்பிஎம்மில் ஓடியது. கேம், புஷ் ராடு, ராக்கர் என்று ஒரு முழு வரிசை வேலை மிச்சம்.

சிலிண்டருக்கு 50 மில்லி விட்டமுள்ள வார்ப்பிரும்பு பார், 60 மில்லி நீளம். குளிர்விக்கும் செதில்களை (ஃபின்) முதலில் வெட்டிவிட்டுப் பிறகு போரைக் கடையுங்கள். வரிசை மாறினால், செதில் வெட்டும் அழுத்தத்தில் போர் வட்டம் கெடும். அளவு சரியாக 24.00 வர வேண்டியதில்லை, 23.9 ஆனாலும் 24.1 ஆனாலும் பாதகமில்லை. ஆனால் இரு முனைக்கும் இடையே வித்தியாசம் 0.01 மில்லியைத் தாண்டக்கூடாது. கடைசி இரண்டு வெட்டு 0.05 மில்லி ஆழத்தில். அதன் பிறகு டூலை நகர்த்தாமலே இரண்டு மூன்று முறை உள்ளே ஓட்டினால், வளைந்து நின்ற போரிங் பார் (டூல் மாட்டிய கம்பி) விட்டுவைத்த உலோகமும் வந்துவிடும்.

அடுத்து லேப்பிங், அதாவது போரை அரைக்கும் பேஸ்ட்டால் தேய்த்து வழவழப்பாக்குவது. விரிந்து கொடுக்கும்படி பிளந்த அலுமினியக் கம்பியில் 400 கிரிட் பேஸ்ட், பிறகு 800. லேத் 150 அல்லது 200 ஆர்பிஎம்மில் சுற்ற, கம்பி நிற்காமல் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். முனையில் கொஞ்சம் தாமதித்தாலும் வாய் மணிபோல் விரிந்துவிடும். முடிந்ததும் மண்ணெண்ணெயில் ஒரு முறை, சோப்பும் வெந்நீரும் கொண்டு பல முறை கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் நிறம் ஏறாத வரை கழுவித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் மிச்சமிருக்கும் பேஸ்ட் ஓ-ரிங்கை அரைத்துத் தின்றுவிடும்.

ஆம், ஓ-ரிங். வார்ப்பிரும்பு ரிங் செய்வது தனிக் கலை. அதை இரண்டாவது இன்ஜினுக்கு வைத்துக்கொள்ளலாம். அலுமினிய பிஸ்டனில் ஒரே ஒரு வைட்டான் ஓ-ரிங், உள்விட்டம் 20, தடிமன் 2 மில்லி. கறுப்பு நைட்ரைல் ரப்பர் இந்தச் சூட்டுக்குத் தாங்காது. வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். ரிங் உட்காரும் காடியின் அடிவிட்டம் 20.1 மில்லி, அகலம் 2.6. அதாவது ரிங் நசுங்குவது வெறும் 0.05 மில்லி. பம்பில் போடுவதுபோல் இறுக்கமாகப் போட்டால் உராய்விலேயே இன்ஜின் நின்றுவிடும். காடியில் ரிங்குக்குப் பின்னால் இடம் விட்டிருப்பதால், வாயு அங்கே புகுந்து ரிங்கைச் சுவரோடு தள்ளி அடைக்கும். சிலிண்டரின் அளவு மாறியிருந்தால், அதே 0.05 நசுக்கம் கிடைக்கும்படி காடியின் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். ரிங் பிஸ்டன் முகத்திலிருந்து 5 மில்லியாவது தள்ளி இருக்கட்டும். ஒருவேளை கருகிப்போனால் வெறுங்கையால் தொடக்கூடாது. கருகிய வைட்டான் கடும் அமிலம் விடும்.

பிஸ்டன் உடம்பு போரைவிட 0.08 மில்லி சிறியது. தாராளமாகத் தோன்றும், ஆனால் அலுமினியம் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் 150 டிகிரியும் சிலிண்டர் 100 டிகிரியும் கூடுதலாகச் சூடானால் அந்த இடைவெளியில் 0.057 மில்லி காணாமல் போய்விடும்.

இனி வால்வு. அவசரம் கூடாத இடம் இதுதான். ஹெட் என்பது ஒரு அலுமினியக் கட்டை. நடுவே 12 மில்லி துளை. மேலிருந்து உள்வாங்கும் வால்வும் கீழிருந்து வெளியேற்றும் வால்வும் அந்தத் துளைக்குள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும், துளையின் கடைசியில் ஸ்பார்க் பிளக். வால்வின் தலை 10 மில்லி, தண்டு 3 மில்லி, வால்வு அடைக்கும் வழி 8 மில்லி. வால்வு தூக்கும் அளவு (லிஃப்ட்) 2 மில்லி போதும்: வழியின் விட்டத்தில் கால் பங்கு தூக்கினாலே பக்கவாட்டில் திறக்கும் பரப்பு வழியின் பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் தூக்கிப் பெரிய லாபமில்லை.

தண்டு ஓடும் துளையும் வால்வுத் தலை அமரும் 45 டிகிரி சீட்டும் ஒரே அச்சில் இருந்தாக வேண்டும். ஹெட்டில் நேரடியாக வெட்டினால் அது அமைவது கடினம். எனவே இரண்டையும் ஒரே வெண்கலக் கூட்டில், சக்கிலிருந்து கழற்றாமல் ஒரே பிடியில் வெட்டி, கூட்டை ஹெட்டுக்குள் சூடு தாங்கும் ஒட்டுப்பசையால் பொருத்துவது நல்லது. சீட்டை முடிக்கும் கட்டரைக் கையால் மட்டும் சுற்றுங்கள். டிரில்லில் மாட்டினால் அதிர்ந்து சீட்டில் பற்கள் விழும். சீட்டின் அகலம் 0.4 மில்லி. அகலம் கூடினால் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவி அடைப்பு தளரும். பேஸ்ட் போட்டு மணிக்கணக்கில் தேய்ப்பவர்கள் சீட்டைத் தடித்த பட்டையாக்கிக் கெடுப்பது இப்படித்தான். சில விநாடி தேய்த்து, சுற்றிலும் உடையாத ஒரு சாம்பல் கோடு தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சோதிக்க 10 மில்லிலிட்டர் ஊசிக்குழல் போதும். வால்வு வழியில் குழாயை இறுக்கி, ஊசிக்குழலின் பிஸ்டனை இழுத்துப் பிடித்து, பத்து எண்ணிவிட்டு விடுங்கள். துள்ளி பழைய இடத்துக்கே திரும்பினால் வால்வு தேறியது. பாதியில் நின்றால் ஒழுகுகிறது. அதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

இரண்டு வால்வுகளின் ஸ்பிரிங்குகளும் ஒன்றல்ல. உள்வாங்கும் வால்வு, காற்றழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்ததும் திறக்க வேண்டும். 8 மில்லி வழிக்கு அந்த விசை ஏறக்குறைய 50 கிராம் எடை. பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கை வெட்டியே இதைச் செய்துகொள்ளலாம். வெளியேற்றும் வால்வுக்கு 500 கிராம் வையுங்கள். அது பலவீனமாக இருந்தால், உறிஞ்சும்போது தானும் திறந்துகொண்டு புகையையே திரும்ப உள்ளே இழுக்கும்.

எல்லாம் பொருத்திய பின் எரியும் அறையின் கொள்ளளவை அளக்க வேண்டும். பிஸ்டனைத் தலைப்பக்க எல்லையில், மெக்கானிக்குகள் சொல்லும் 'டாப்'பில் நிறுத்தி, பிளக் துளை வழியே ஊசிக்குழலால் எண்ணெய் விடுங்கள். 3.4 மில்லிலிட்டர் பிடித்தால் அமுக்க விகிதம் 5:1. பெட்ரோலுக்கு அது போதும், கையால் சுழற்றவும் முடியும்.

கிராங்க் ஒரு பக்கம் மட்டும் தாங்கும் வகை: 10 மில்லி ஷாஃப்ட், இரண்டு 6000 எண் பேரிங், தட்டில் 15 மில்லி தள்ளி 6 மில்லி பின். கனெக்டிங் ராடு மையத்துக்கு மையம் 60 மில்லி. ஃபிளைவீல் 100 மில்லி விட்டம், 20 மில்லி தடிமன், எடை 1.1 கிலோ. அதைக் கிரப் ஸ்க்ரூவில் (தலையில்லாத ஸ்க்ரூ) பிடிக்காமல், பிளந்த கூம்புப் புஷ்ஷில் இறுக்குங்கள். ஒவ்வொரு வெடிப்பும் ஸ்க்ரூவைத் தளர்த்தும்.

பழைய கிணற்று ஆயில் இன்ஜின்போல மெதுவாகத் துடிக்க வைக்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு. ஒரு முறை அமுக்க இந்த இன்ஜினுக்குச் சுமார் 2 ஜூல் தேவை. 600 ஆர்பிஎம்மில் இந்த ஃபிளைவீலில் இருப்பதே 2.7 ஜூல்தான். 1000 ஆர்பிஎம்மில் 7.5 ஜூல். முதலில் ஆயிரத்துக்கு மேல் ஓட்டுங்கள்; மெதுவான ஓட்டத்துக்குப் பின்னால் இரண்டாவது ஃபிளைவீல் சேர்க்கலாம்.

வெளியேற்றும் வால்வைத் திறக்கும் கேமுக்கு கியர்: கிராங்கில் 20 பல், கேமில் 40 பல், மாடுல் (பல்லின் அளவு) 1. மையத் தூரம் 30 மில்லி. வெளியேற்றும் வால்வு, பிஸ்டனின் மறு எல்லையான 'பாட்ட'த்துக்கு 40 டிகிரி முன்பு திறந்து, 'டாப்' தாண்டி 10 டிகிரியில் மூட வேண்டும். மொத்தம் கிராங்கில் 230 டிகிரி. கேம் பாதி வேகத்தில் சுற்றுவதால் அதில் 115. ஒரு பல் தவறிப் பூட்டினால் 18 டிகிரி பிசகும், ஆகவே இரண்டு கியரிலும் புள்ளி குத்திவையுங்கள். வால்வுத் தண்டில் 0.15 மில்லி இடைவெளி விட மறக்காதீர்கள்.

கார்புரேட்டரின் காற்று வழி 5 மில்லிக்கு மேல் வேண்டாம். 1500 ஆர்பிஎம்மில் அதன் வழியே காற்று சராசரியாக விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் போகும். அந்த உறிஞ்சல் பெட்ரோலை 10 சென்டிமீட்டர் தூக்க வல்லது. வழியை 10 மில்லி ஆக்கினால் வேகம் கால் பங்காகும், தூக்கும் உயரம் அரை சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 'பெரிய கார்புரேட்டர் போட்டேன், பெட்ரோலே வரவில்லை' என்பதன் காரணம் இதுதான். டேங்கின் பெட்ரோல் மட்டம் ஜெட்டுக்கு (பெட்ரோல் வெளிவரும் நுண்துளை) 10 முதல் 15 மில்லி கீழே இருக்கட்டும், குழாயில் ஒரு குண்டு வால்வு (பெட்ரோல் பின்னால் திரும்பாமல் தடுக்கும் சிறு உருண்டை) போடுங்கள். 1 லிட்டருக்கு 40 மில்லிலிட்டர் 2டி ஆயில் கலந்தால் சிலிண்டருக்குத் தனி உயவு தேவையில்லை. கிராங்க் பின்னுக்கு மட்டும் அவ்வப்போது ஒரு சொட்டு.

பிளக்குக்கு, 100 சிசி பைக்குகளில் பரவலாக வரும் 10 மில்லி மரை பிளக் போதும், இடைவெளி 0.5 மில்லி. சிறிய சிடிஐ யூனிட்டின் (தீப்பொறி தரும் மின்னணுப் பெட்டி) காந்தத்தைக் கேம் கியரில் பொருத்தினால், இரண்டு சுற்றுக்கு ஒரே தீப்பொறி. 'டாப்'புக்கு 12 டிகிரி முன்பு வையுங்கள். பிளக் தொப்பியைத் தொங்கவிட்டபடி இன்ஜினைச் சுற்றாதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் யூனிட்டையே எரித்துவிடும்.

பெட்ரோல் ஊற்றும் முன், பிளக்கைக் கழற்றி, தீப்பொறியைத் துண்டித்து, டிரில்லால் அரை மணி நேரம் எண்ணெயோடு சுழற்றுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஃபிளைவீலைக் கையால் அமுக்கத்துக்கு எதிராகத் தள்ளுங்கள். துள்ளித் திரும்பினால் இன்ஜின் தயார். 'உஸ்' என்று நழுவினால், சத்தம் வரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

டிரில்லால் கிளப்பும்போது இடையில் ஒருவழி கிளட்ச் பேரிங் வேண்டும். இன்ஜின் பிடித்ததும் டிரில்லையும் இழுத்துச் சுற்றாமல் காப்பது அது. திறந்த இடத்தில்தான் ஓட்ட வேண்டும், ஃபிளைவீலுக்கு நேராக யாரும் நிற்கக்கூடாது. கார்புரேட்டரில் தும்மினால் பெட்ரோல் போதவில்லை, அதன் ஊசியைக் கால் திருகு திறந்துவிடுங்கள். பிளக் நனைந்து கறுத்தால் அதிகம். சில விநாடி ஓடி நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் குண்டு வால்வையும் பாருங்கள். சைலன்ஸரில் வெடித்தால் வெளியேற்றும் வால்வு ஒழுகுகிறது, அல்லது பல் மாறியிருக்கிறது. சூடானதும் அமுக்கம் மறைந்து ஆறியதும் திரும்பினால், அந்த 0.15 இடைவெளி போதவில்லை. சூட்டில் ஃபிளைவீலே கனத்தால் பிஸ்டன் இறுகுகிறது, இன்னும் 0.02 மில்லி எடுங்கள்.

காற்றடிக்கும் விசிறி இல்லாததால் ஒரு தடவைக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். மொத்தம் அரை மணி நேரம் ஓடியதும் ஹெட்டைக் கழற்றி, வால்வு இரண்டையும் மறுபடி ஊசிக்குழலால் சோதியுங்கள்.