கண்ணாடி போல் மின்னும் நாணயத்தை எப்படி அடிக்கிறார்கள்?

ஓசூர் சிப்காட்டில் உலோகத்தை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறவருக்கு 'டை டிரையல்' என்றால் விளக்கமே தேவையில்லை. புது டை, அதாவது வடிவம் பதிக்கிற அச்சு, வந்தால் நாலு பீஸ் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் உற்பத்திக்கு விடுவார்கள். நாணயச்சாலையிலும் அப்படித்தான். அங்கே டிரையலில் அடித்த பீஸ்களைத்தான் பல நாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள்.

நாணயம் அடிக்கும்போது உலோகம் உருகுவதில்லை. மேலே ஒரு டை, கீழே ஒரு டை, சுற்றிலும் ஒரு வளையம், நடுவில் இன்னும் எதுவும் பதியாத வட்ட உலோக வில்லை. அழுத்தம் ஏற ஏற வெள்ளியும் செம்பும் பிசைந்த களிமண் மாதிரி நகர்ந்து டையின் பள்ளங்களில் புகுந்துகொள்ளும். இருக்கிற உலோகத்தை இரண்டு பக்கமும் பங்கு போட வேண்டும் என்பதுதான் சிக்கல். பிரிட்டனில் 1911 முதல் வந்த ஐந்தாம் ஜார்ஜ் பென்னியைப் பாருங்கள்: அரசரின் பெரிய தலை உலோகத்தை இழுத்துக்கொண்டதால் மறுபக்கத்தில் அதே தலை மங்கலாக நிழல் விழுந்தது. 1928இல் தலையைச் சிறிதாக்கிய பிறகுதான் சரியானது. இந்த மாதிரிக் குறைகளைப் பிடிக்கத்தான் டிரையல். ஈயம், செம்பு என்று மலிவான உலோகத்தில், சில சமயம் ஒரு பக்கம் மட்டும் அடித்து, காதும் மூக்கு நுனியும் முழுசாக நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நாணயத்தில் மேடாக இருப்பது டையில் ஆழமான பள்ளம். உலோகம் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம் அது.

சேகரிப்பாளர்களுக்கென்றே அடிக்கிற ப்ரூஃப் நாணயம் வேறு வகை. டையின் சமதளத்தைக் கண்ணாடியாகும்வரை பாலிஷ் போட்டு, உருவம் வரும் பள்ளத்தை மட்டும் நுண்மணல் ஊதியோ லேசராலோ சொரசொரப்பாக்குவார்கள். வில்லைக்கும் பாலிஷ் உண்டு. அப்புறம் ஒருமுறைக்கு மேல் அடிப்பார்கள். தளம் ஒளியை ஒரே திசையில் திருப்பி அனுப்பும், உருவம் எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். அதனால் லேசாகச் சாய்த்தால் தளம் கறுத்து, முகம் மட்டும் வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். பார்க்க அத்தனை அழகு!

இந்தியாவின் முதல் நினைவு நாணயம் 1964இல் நேருவுக்கு வந்தது. 1969இல் காந்தி நூற்றாண்டுக்கான வெள்ளிப் பத்து ரூபாயை பம்பாய் நாணயச்சாலை ப்ரூஃபாகவும் அடித்தது.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நாணயம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளி கறுத்தால் விபூதியோ புளியோ போட்டுத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். நாணயத்துக்கு அது ஆகவே ஆகாது. 2024இல் வந்த கலைஞர் நூறு ரூபாயில் வெள்ளி பாதிதான், 40 சதவீதம் செம்பு. கறுக்கத்தான் செய்யும், விட்டுவிடுங்கள். தேய்த்தால் கண்ணாடித் தளத்தில் கீறல் விழும், அதை எந்தப் பாலிஷாலும் சரிசெய்ய முடியாது. ஓரத்தை மட்டும் பிடித்து எடுங்கள், வந்த உறையிலேயே வையுங்கள்.