காப்பு ஆழமானி: சொல்லும் கருவியும்

ஸ்கூபா முக்குளிப்புப் பயிற்சியில் சேருபவர் தொடக்க வகுப்புகளிலேயே கேட்கும் சொற்களுள் ஒன்று 'பேக்கப் டெப்த் கேஜ்'. ஆழம், நேரம் முதலியவற்றைக் கணக்கிட்டுக் காட்ட மணிக்கட்டில் கட்டியுள்ள டைவ் கம்ப்யூட்டர் நீருக்கடியில் செயலிழந்தால், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம், இறங்கி எவ்வளவு நேரமாயிற்று என்னும் இரண்டையும் அறிந்துகொள்ளக் கூடவே எடுத்துச் செல்லும் எளிய கருவியை அச்சொல் குறிக்கிறது. இதைத் தமிழில் 'காப்பு ஆழமானி' என்பதே பொருந்தும்.

'கேஜ்' தமிழருக்குப் புதிய சொல்லன்று. மீட்டர்கேஜ், பிராட்கேஜ் என்று இரயில் பாதைகளின் வழியாக அது நம் ஊர்களுக்கு எப்போதோ வந்துவிட்டது. பழைய வடபிரெஞ்சில் அளவுகோலைக் குறித்த அச்சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பீப்பாயின் கொள்ளளவை அளப்பது, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், அளவு காட்டும் கருவி எனப் பல பொருள்களுக்கு விரிந்தது. இரயில்வேயில் அதை 'அகலப்பாதை' என்று மொழிபெயர்த்தபோது அளவு என்னும் பொருளை விட்டுப் பாதை என்னும் பொருளைப் பிடித்துக்கொண்டோம். அங்கே அது சரியே. கருவியைக் குறிக்கும்போது அந்த வழி உதவாது. அதற்கு வெப்பமானி, அழுத்தமானி ஆகியவற்றில் உள்ள 'மானி' இருக்கிறது. அளவு என்னும் பொருளுடைய 'மானம்' என்ற வடசொல்லின் வழி வந்தது அது. தனித்தமிழை விரும்புவோர் 'ஆழ அளவி' என்று எழுதினால் குறையொன்றும் இல்லை. ஆயினும் பள்ளிப் பாடநூல்கள் வழியாக 'மானி' வேரூன்றிவிட்டதால், கேட்டவுடன் விளங்குவது அதுவே. ஆழம், மானி என்னும் இரண்டும் புணரும்போது இடையிலுள்ள மகர மெய் கெட்டு 'ஆழமானி' ஆகும். 'ஆழமாணி' என்று எழுதுவது பிழை. மாணி என்பது மணமாகாத மாணவனைக் குறிக்கும் வேறு சொல்.

கடலாழத்தை அளக்கும் சொல் தமிழில் முன்பே உண்டு. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்தால் வரும் நீளத்தைப் 'பாகம்' என்று மீனவர்கள் வழங்குகிறார்கள். ஏறத்தாழ ஆறு அடி. ஆங்கிலத்தின் 'ஃபாதம்' என்னும் அளவும் விரித்த கைகள் என்னும் பொருளிலிருந்தே பிறந்தது. 1953இல் பிளாங்பேன் நிறுவனம் வெளியிட்ட முக்குளிப்புக் கைக்கடிகாரத்தின் பெயர் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்', அதாவது ஐம்பது பாகம்: சுமார் 91 மீட்டர். கயிற்றைப் பாகக் கணக்கில் விட்டுப் பார்ப்பவர் அளப்பது உண்மையான தூரம். ஆழமானியோ தூரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது நீரின் அழுத்தத்தை. இலங்கைத் தமிழில் சொன்னால் அமுக்கத்தை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது என்ற கணக்கைக் கொண்டு அழுத்தத்தை ஆழமாக மாற்றி முகப்பில் காட்டுகிறார்கள். ஆகவே கடல்நீருக்கென அளவு குறிக்கப்பட்ட கருவி நன்னீர் ஏரியில் ஏறக்குறைய 3 சதவீதம் குறைத்துக் காட்டும். 20 மீட்டரில் இருப்பவருக்கு அது 19.4 என்று சொல்லும். ஆழமானிகளுக்கான ஐரோப்பியத் தரமான ஈ.என். 13319, 10 மீட்டர் என்றால் ஒரு 'பார்' (ஏறத்தாழ ஒரு வளிமண்டல) அழுத்தம் என்று வரையறுத்து, கருவிக்குக் கருவி கணக்கு வேறுபடாமல் பார்த்துக்கொள்கிறது.

இக்கருவிகளுள் மிக எளியது நுண்குழாய் வகை. ஒரு முனை மூடிய, ஒளிபுகும் மெல்லிய குழாய் வட்டமாக வளைத்துப் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் காற்றை நீர் அமுக்கிக்கொண்டே நுழைய, நீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஆழத்தைப் படிக்கலாம். அழுத்தம் கூடக்கூடக் காற்று சுருங்கும் என்னும் பாயில் விதிப்படி 10 மீட்டரில் காற்று பாதியாகவும், 20இல் மூன்றில் ஒரு பங்காகவும், 30இல் கால் பங்காகவும் சுருங்குவதால், முதல் 10 மீட்டருக்குக் குழாயின் பாதி நீளம் கிடைக்கிறது. அதற்குக் கீழே கோடுகள் நெருங்கிப் படிப்பதே கடினமாகிறது. விலை மிகக் குறைவு; பழுதாக உள்ளே ஒன்றுமில்லை. அடுத்தது போர்டோன் குழாய் வகை. 1849இல் பிரான்சின் யூஜின் போர்டோன் காப்புரிமை பெற்ற வளைகுழாய், அழுத்தம் மாறும்போது வளைவு மாறி முள்ளைத் திருப்புகிறது. எண்ணெய் நிரம்பிய இதன் முகப்பில் இரண்டு முட்களைக் காணலாம். ஆழத்தைக் காட்டும் முள் தன்னோடு இன்னொரு மெல்லிய முள்ளைத் தள்ளிக்கொண்டு போகும். நாம் மேலேறும்போது முதல் முள் திரும்பிவிட, தள்ளப்பட்ட முள் அன்றைக்குத் தொட்ட அதிகபட்ச ஆழத்திலேயே நின்றுவிடும். அடுத்த முறை இறங்குமுன் அதைக் கையால் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். மறந்தால் நேற்றைய ஆழம் இன்றைய கணக்கில் ஏறிவிடும். மூன்றாவது, மின்னணு உணரியை (சென்சார்) கொண்டது. ஆழத்தோடு நேரத்தையும் சேர்த்துக் காட்டுவது. 'பாட்டம் டைமர்' என்று கடைகளில் கேட்டால் இதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

'பாட்டம் டைமர்' என்னும் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று காட்டும் முக்குளிப்பு அட்டவணைகளில் 'பாட்டம் டைம்' என்பது, நீர்மட்டத்தை விட்டு இறங்கத் தொடங்கியதிலிருந்து நேராக மேலேறத் தொடங்கும் வரை கழியும் நேரம். கருவியோ ஒரு மீட்டர் அளவு இறங்கியதும் தானாக ஓடத் தொடங்கி, நீர்மட்டத்தை நெருங்கும் வரை முழு நேரத்தையும் எண்ணுகிறது. இதை 'அடிநேரம்' என்று மொழிபெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. அடி என்பது நீள அளவும் ஆகையால், '60 அடி, அடிநேரம் 50' என்று குறிப்பேட்டில் எழுதினால் படிப்பவர் தடுமாறுவார். மூழ்குதல் என்னும் பொருளுடைய 'ஆழ்' என்னும் வேரிலிருந்து 'ஆழ்நேரம்' என்று கொள்ளலாம். ஆழ்வார் என்னும் சொல்லில் இருப்பதும் அதே வேரே. கருவியை 'ஆழநேரமானி' என்றால், ஆழத்தையும் நேரத்தையும் காட்டுவது என்ற உண்மைப் பொருள் கிடைத்துவிடும்.

இரண்டும் ஏன் சேர்ந்தே வேண்டும் என்றால், சுவாசிக்கும் காற்றிலிருந்து உடலில் கரைந்து, மிகுந்தால் மேலேறும்போது ஆபத்தாகும் நைட்ரஜனின் அளவை ஆழமும் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 'பாடி' (PADI) என்னும் முக்குளிப்புப் பயிற்சி அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் தங்கலாம். 30 மீட்டரில் 20 நிமிடம் மட்டுமே. டைவ் கம்ப்யூட்டர்கள் 1980களில் பரவும் வரை எல்லாரும் ஆழமானி, கடிகாரம், அட்டவணை என்னும் மூன்றையும் கொண்டே கடலில் இறங்கினார்கள்.

இனி 'பேக்கப்'. 'துணை' என்றால் உடன் இறங்கும் துணைவரோடு குழம்பும். 'மாற்று' என்றால் முதற்கருவியின் வேலை முழுவதையும் இது செய்துவிடும் என்ற தவறான நம்பிக்கை பிறக்கும். கணினித் துறையில் 'காப்புப்பிரதி' ஏற்கெனவே நிலைபெற்றிருக்கிறது. மணிக்கட்டில் அணிவதற்கும் காப்பு என்றே பெயர். அதனால் 'காப்பு' என்பதையே கொள்கிறேன். இச்சொல் கருவியின் எல்லையையும் சரியாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அணைந்துபோனால், உடலில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கிறது என்பதை ஆழமானி அறியாது. முக்குளிப்பை அங்கேயே முடித்து, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வெளியேற அது உதவும். கண்ணால் பார்த்து 5 மீட்டரை மதிப்பிடுவது, குறிப்பாகத் தரை தெரியாத நீல நீரில், புதியவரால் ஆகாத காரியம்.

எதை வாங்கலாம்? காப்புக் கருவி முதற்கருவியோடு மின்கலத்தையோ உணரியையோ பகிர்ந்துகொள்ளக் கூடாது. குறைந்த செலவில் முடிக்க விரும்புவோர்க்கு முள் வைத்த ஆழமானி ஒன்றும், இறங்கிய நேரத்தைக் குறித்துவைக்கச் சுழல் வளையம் கொண்ட 200 மீட்டர் தரக் கடிகாரம் ஒன்றும் போதும். காசியோவின் எளிய மாதிரிகளிலேயே அத்தகைய கடிகாரம் உண்டு. '30 மீட்டர்' என்று பொறித்த சாதாரணக் கடிகாரத்தை நம்பி இறங்கவே கூடாது. அந்த எண் அசைவற்ற அழுத்தச் சோதனைக்குரியது. முக்குளிப்புக் கடிகாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் குறைந்தது 100 மீட்டரைக் கேட்கிறது. பழைய முள் கருவியை வாங்கினால், அளவு குறித்த கயிற்றில் 5, 10 மீட்டர்களில் பிடித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தால், தனி ஆழநேரமானியைவிட எளிய இரண்டாவது கம்ப்யூட்டரே மேல் என்பேன். இரண்டுக்கும் விலை வேறுபாடு இப்போது பெரிதில்லை, கம்ப்யூட்டர் நைட்ரஜன் கணக்கையும் தொடர்ந்து வைத்திருக்கும். ஆனால் அத்தகைய கருவிகளில் உள்ள 'கேஜ் மோடு' என்னும் ஆழமானி நிலையில் அதை வைத்துவிடக் கூடாது. அந்நிலையில் கணக்கு நின்றுபோவதோடு, பல மாதிரிகளில் ஒன்றிரண்டு நாள் கழித்தே வழக்கமான நிலைக்குத் திரும்ப முடியும்.