பெருமை பேசும்போது கேட்பவர் மனதில் ஓடுவது

தன் சாதனையைச் சொன்னால் எதிரே இருப்பவரும் கூடவே மகிழ்வார் என்றுதான் பெருமை பேசுபவர் நம்புகிறார். அங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஐரீன் ஸ்கோபெலிட்டியும் சக ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பெருமை பேசியவர்கள் கேட்பவரின் மகிழ்ச்சியைக் கூட்டியும் எரிச்சலைக் குறைத்தும் மதிப்பிட்டிருந்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் "போதும்" என்பதில்லை. "ஓ, அப்படியா" என்று தலையாட்டுவார்கள். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு அவர் அடுத்த கதையைத் தொடங்கிவிடுவார்.

எல்லாப் பெருமையும் ஒரே அளவில் உறுத்துவதில்லை. "என் மகள் நீட்டில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள்" என்றால் வாழ்த்திவிட்டுப் போவார்கள். "இந்த அபார்ட்மென்ட்டிலேயே அவள் அளவுக்கு யாரும் வாங்கவில்லை" என்றால், கேட்பவரின் பிள்ளையும் அந்த 'யாரும்' என்ற சொல்லுக்குள் வந்துவிடுகிறது. தன்னை மட்டம் தட்டுகிறார் என்றுதான் அவர் மனம் எடுத்துக்கொள்ளும். பிறரோடு ஒப்பிட்டுச் சொல்லும் பெருமையே அதிக வெறுப்பைத் தருகிறது என்பதை வேரா ஹூரென்ஸ் குழுவினர் 2012இல் காட்டினார்கள்.

அலுத்துக்கொள்வதுபோல் பெருமை பேசுவது இன்னும் மோசம். "மாசம் ரெண்டு தடவை சிங்கப்பூர் போகணும், உடம்பே போச்சுங்க" என்ற வகை. ஓவுல் செசர் முதலியோரின் 2018 ஆய்வில், நேரடியாகப் பெருமை பேசியவரைவிட இப்படிப் பேசியவருக்கே மதிப்புக் குறைந்தது; ஏனென்றால் போலித்தனம் தெரிந்துவிடுகிறது. நேர்முகத் தேர்வில் பலவீனத்தைக் கேட்டால் "நான் அதிகமாக உழைத்துவிடுவேன்" என்பதும் இந்த ரகம்தான்.

நல்ல செய்தியை மறைக்கவும் வேண்டாம். இரண்டு வாக்கியத்தில் சொல்லுங்கள், உதவியவர் பெயரையும் சேருங்கள், பிறகு எதிரே இருப்பவரின் நலனை விசாரியுங்கள். அவராகவே "எப்படிப் படித்தாள்?" என்று கேட்டால் தாராளமாக விரித்துச் சொல்லலாம். வீட்டில் ஒருவர் ஓயாமல் பெருமை பேசினால் நாலு பேர் முன்னால் மடக்காதீர்கள். அவமானப்பட்டவர் இழந்த மதிப்பை மீட்க இன்னும் உரக்கப் பேசுவார். தனியாக இருக்கும்போது, உறுத்திய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு நிலையை மட்டும் குணம் என்று விட்டுவிடக் கூடாது. அடக்கமாக இருந்தவர் திடீரென்று தனக்கு அபார சக்தி வந்துவிட்டதாகப் பேசுகிறார்; மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை; பேச்சு நிற்காமல் ஓடுகிறது; பணம் தண்ணீராகச் செலவாகிறது. இது இருதுருவ மனநிலைக் கோளாறின் (பைபோலார்: மனநிலை அளவுமீறி உயர்வதும் தாழ்வதுமான நோய்) மேனியா கட்டமாக, அதாவது மனநிலை உச்சத்தில் இருக்கும் கட்டமாக இருக்கலாம். அவர் சொல்வதைப் பொய்யென்று நிரூபிக்க வாதாடுவதில் பயனில்லை; சண்டைதான் வரும். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416இல் 24 மணி நேரமும் இலவசமாக, தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். எத்தனை நாளாக இப்படி, தினமும் எத்தனை மணி நேரத் தூக்கம், எதற்கு எவ்வளவு செலவு என்பதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு போனால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கையில் இருக்கும்.