வளங்குன்றா வீடு

‘சஸ்டெய்னபிள்’ என்ற சொல் இப்போது வீட்டுமனை விளம்பரம் வரைக்கும் வந்துவிட்டது. ‘கீழிருந்து தாங்குதல்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. ஆனால் அதன் இன்றைய பொருளுக்கு வித்திட்டது மரப் பஞ்சம்தான். ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் வான் கார்லோவிட்ஸ், சுரங்கத்துக்கும் உலைக்கும் வெட்டி வெட்டிக் காடு தீர்வதைக் கண்டு, காடு தொடர்ந்து பயன் தரும்படி அளவோடு வெட்டி, மீண்டும் நட வேண்டும் என்று 1713இல் எழுதினார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம், வருந்தலைமுறையின் தேவைக்குக் கேடு வராமல் இன்றைய தேவையை நிறைவேற்றும் வளர்ச்சியே ‘சஸ்டெய்னபிள்’ வளர்ச்சி என்று வரையறுத்தது.

தமிழில் நீடித்த, பேண்தகு, வளங்குன்றா எனப் பல வழக்குகள் உண்டு. இலங்கையில் ‘நிலைபேறான’ என்பார்கள். ‘நீடித்த வீடு’ என்றால் நெடுங்காலம் இடியாத வீடு என்றுதான் காதில் விழுகிறது. ‘பசுமை வீடு’, 2011இல் தமிழக அரசு தொடங்கிய சூரிய மின்சக்தி வீட்டுத் திட்டத்தின் பெயராகவே பழகிவிட்டது. குன்றுதல் என்றால் குறைதல். எது குறையக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வதால் ‘வளங்குன்றா’வையே நான் எடுப்பேன்.

செட்டிநாட்டு வீட்டை இந்தச் சொல்லால் அளந்து பார்க்கலாம். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை அங்கே இறங்கும், அண்டாக்களில் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே சேரும் சூடும் அந்த வழியாகவே மேலேறிப் போய்விடும். தடித்த சுண்ணாம்புச் சுவர் வெயிலை எளிதில் உள்ளே விடாது.

இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்குகிறார்கள். இறுகியதும் தண்ணீரில் ஊறப் போடுவார்கள், அவ்வளவுதான். சூளையே கிடையாது. சிமென்ட் ஆலையில் எரிந்த நெருப்பைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்; ஆனாலும் சுட்டெடுக்கும் டைல்ஸுக்கான விறகோ எரிவாயுவோ இங்கே மிச்சம்.

முகப்பில் நிற்கும் தேக்குத் தூண்கள் வேறு கதை. அவை பர்மாக் காட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. இப்படிக் காட்டை வெட்டித் தீர்ப்பதைப் பற்றித்தான் கார்லோவிட்ஸ் கவலைப்பட்டார். அதே தூணை, பழைய வீடு பிரிக்கும்போது காரைக்குடியில் வாங்கி இன்னொரு வீட்டில் நிறுத்தினால், புதிதாக ஒரு மரம் விழ வேண்டியதில்லை. அந்த வேலைக்கு ‘வளங்குன்றா’ சரியாகப் பொருந்தும்.